விலைவாசி இறங்கினதுக்கு யாருக்கு நன்றி சொல்லணும்?

2025 டிசம்பர் 12ஆம் தேதி வந்த அரசுக் கணக்குப்படி, நவம்பரில் நாட்டின் சில்லறைப் பணவீக்கம் 0.71 சதவீதம். அதுக்கு முந்தின மாசம், அக்டோபரில், வெறும் 0.25. அப்போதைய கணக்கு வரிசை தொடங்கின நாளிலிருந்து இவ்வளவு தாழ்ந்ததே இல்லையாம். டிசம்பர் 5ஆம் தேதி ரிசர்வ் வங்கி ஆளுநர் சஞ்சய் மல்ஹோத்ரா வட்டியை 5.25க்குக் குறைச்சப்போ, அரையாண்டில் வளர்ச்சி 8 சதவீதம், பணவீக்கம் 2.2 சதவீதம், இது அபூர்வமான 'கோல்டிலாக்ஸ்' காலம் என்று சொன்னார்.

கோல்டிலாக்ஸ்ங்கிறது வெள்ளைக்காரப் பிள்ளைகளோட கதை. ஒரு சின்னப் பொண்ணு கரடி வீட்டுக்குள்ள புகுந்து மூணு கிண்ணத்துல இருக்கிற கஞ்சியை ருசி பாக்கும். ஒண்ணு ரொம்பச் சூடு, ஒண்ணு ரொம்ப ஆறினது, மூணாவது இதமா இருக்கும். அதைக் குடிச்சு முடிச்சிரும். அந்தக் கஞ்சிக்குத் தானியம் போட்டவன் யாரு, அவனுக்கு என்ன விலை கிடைச்சுதுன்னு கதையில வராது. நான் அதைப் பத்தித்தான் எழுதப் போறேன்.

0.25 எப்படி வந்துச்சுன்னு பாருங்க. அக்டோபரில் உணவுப் பொருள் விலை மட்டும் தனியா எடுத்தா மைனஸ் 5.02 சதவீதம். நவம்பரில் மைனஸ் 3.91. அதாவது மத்ததெல்லாம் ஏறிக்கிட்டுத்தான் இருந்துச்சு. பள்ளிக்கூடப் பீஸு இறங்கல. ஆஸ்பத்திரிச் செலவு இறங்கல. தங்கம் 2025 டிசம்பரில் சவரன் லட்சத்தைத் தொட்டுது. இத்தனையும் ஏறியும் மொத்தக் கணக்கு கால் சதவீதத்துல நின்னுச்சுன்னா, சாப்பாட்டுச் சாமான் அவ்வளவு தூரம் கீழ விழுந்திருக்குன்னு அர்த்தம்.

நியாயமாச் சொல்லணும். இதுல ஒரு பகுதி கணக்கோட விளையாட்டு. 2024 அக்டோபரில் காய்கறி விலை எகிறிக் கிடந்தது. உணவுப் பணவீக்கம் அப்போ 10.87. அந்த உச்சியிலிருந்து அளந்தா 2025 அக்டோபர் பள்ளமாத்தான் தெரியும். 2025 செப்டம்பர் 22இல் ஜி.எஸ்.டி. குறைச்சதும் கொஞ்சம் உதவியிருக்கு. மழையும் பரவாயில்லை, விளைச்சலும் நல்லாயிருந்தது. எல்லாம் சரி. ஆனா பட்டணத்துல இருக்கிற உங்களுக்கு அது 'விலைவாசி'. எங்களுக்கு அதே சாமான்தான் சம்பளம். உங்க சம்பளம் அஞ்சு சதவீதம் குறைஞ்சதுன்னு ஒருநாள் பேப்பர்ல வந்து, அதை அபூர்வமான நல்ல காலம்னு ஒரு பெரிய மனுஷர் சொன்னா எப்படி இருக்கும்?

எங்க வீட்டுக் கணக்கைச் சொல்லுகேன். ஓணத்துக்கு ஏத்தன் குலை வெட்டினவனுக்கு இந்த வருஷம் கையில காசு நின்னுச்சு. எனக்குக் குலை விளைஞ்சது கார்த்திகையில. ஓணம் போனா மலையாளத்துக்காரன் ஏத்தங்காயைத் திரும்பிப் பாக்க மாட்டான். கிலோ 24 ரூபாய்னு போச்சு. ஒரு வாழைக்கு, கன்னு வாங்கி நட்டதுல இருந்து உரம், மருந்து, மண் அணைக்கிறது, காத்துக்கு முட்டுக்கம்பு ஊணுறது, கயிறு கட்டுறது எல்லாம் சேர்த்து இருநூறு ரூபாய்க்குக் குறையாம ஆகும். குலை பத்து கிலோ தேறினா 240 ரூபாய். பத்து மாசம் காத்திருந்ததுக்கு வாழைக்கு நாப்பது ரூபாய். அதுலயும் காத்துல சாஞ்சது, நோயில போனது எல்லாம் கழியணும். நிலத்துக்கும் என் உழைப்புக்கும் கூலி போடவே இல்ல, போட்டா கணக்கு நோட்டையே மூடி வச்சிர வேண்டியதுதான்.

அதே வாரம் சென்னையில இருக்கிற என் மச்சினன் நேந்திரம் பழம் கிலோ 70 ரூபாய்க்கு வாங்கியிருக்கான். "ஊருல இருந்துக்கிட்டு நீங்க கொள்ளை அடிக்கிய அத்தான்"னு போன்ல சிரிச்சான். கொள்ளை அடிக்கிறவன் நான் இல்ல மாப்பிள்ளைன்னு சொல்லி வச்சேன். 2024இல் ரிசர்வ் வங்கி ஆய்வாளர்களே ஒரு கணக்குப் போட்டாங்க. வாங்குறவர் வாழைப்பழத்துக்குக் கொடுக்கிற ஒரு ரூபாயில விவசாயிக்கு வர்றது 31 காசு. தக்காளிக்கு 33, வெங்காயத்துக்கு 36, உருளைக்கிழங்குக்கு 37. என் ஏத்தன் கணக்கும் ஏறக்குறைய அதுலயேதான் வந்து நிக்குது. அதனால, தோட்டத்துல விலை பாதியா விழுந்தாலும் உங்க கடையில அவ்வளவு விழாது. நடுவுல இருக்கிற வண்டி வாடகை, சுமைகூலி, கமிஷன், அழுகல் கழிவு இதெல்லாம் அப்படியே இருக்கும். கீழ இறங்குறதெல்லாம் அந்த 31 காசுக்குள்ள இருந்துதான்.

ஒரேயொரு விலை மட்டும் இறங்கவே இறங்காது. டீசல். உலகச் சந்தையில கச்சா எண்ணெய் 2025இல் நல்லா இறங்கிச்சு. ஏப்ரலில் மத்திய அரசு பெட்ரோலுக்கும் டீசலுக்கும் லிட்டருக்கு ரெண்டு ரூபாய் கலால் வரியைக் கூட்டிச்சு. பங்கில் விலை ஏறல, அதனால யாரும் கவனிக்கல. இறங்க வேண்டிய விலை இறங்காம அந்த ரெண்டு ரூபாய் டெல்லிக்குப் போயிட்டு, அவ்வளவுதான். நான் 2024 மார்ச்சில் கொடுத்த விலையைத்தான் 2025 டிசம்பரிலும் கொடுத்தேன். டிராக்டர் உழவும் அறுப்பு மிஷினும் டீசல்லதான் ஓடுது. ஜி.எஸ்.டி.யில டிராக்டருக்கு 12லிருந்து 5 ஆக்கினது நல்ல காரியம், பாராட்டுகேன். ஆனா நான் வருஷா வருஷம் டிராக்டர் வாங்கல, வாடகைக்குத்தான் கூப்பிடுகேன்.

இதுல கட்சி பாத்துப் பேசுறதா நினைக்காதீங்க. ரப்பரை எடுத்துக்கோங்க. குலசேகரம், அருமனைப் பக்கம் போனா எங்க மாவட்டத்தோட பாதி வாழ்க்கை அந்த மரத்துலதான் தொங்குது. 2010 டிசம்பரில் ரப்பர் விலை நல்லா ஏறிச்சு. உடனே டயர் கம்பெனிகள் டெல்லியில போய் நின்னாங்க. அப்போ இருந்த மன்மோகன் சிங் அரசு 40,000 டன் ரப்பரை 7.5 சதவீத வரியில இறக்குமதி செய்ய விட்டுச்சு. அதையும் தாண்டி 2011 ஏப்ரலில் ஆர்.எஸ்.எஸ்.4 ஷீட் கிலோ 243 ரூபாய் தொட்டுது. அப்புறம் சரிஞ்சுது பாருங்க, 2016 தொடக்கத்தில் நூறு ரூபாய்க்கும் கீழ. அப்போ ஆட்சியில மோடி. பால் வெட்டுற கூலி கட்டாம எத்தனையோ பேர் மரத்தை வெட்டாம சும்மா விட்டாங்க. டெல்லியில யாரும் பதறல, 'உலகச் சந்தை நிலவரம்'னு சொல்லிட்டாங்க. 2024 ஆகஸ்டில் 247 ரூபாய்க்கு வந்தப்போ பேப்பரெல்லாம் 'வரலாறு காணாத உச்சம்'னு எழுதுச்சு. 243லிருந்து 247. நடுவுல பதிமூணு வருஷம். பதிமூணு வருஷத்துல நாலு ரூபாய் ஏறினதுதான் அந்த வரலாறு! அதுவும் நிக்கல, 2025 கடைசியில 190க்குள்ள கிடந்துச்சு.

வெங்காயமும் அரிசியும் இதே கதைதான். 1998இல் டெல்லி மாநிலத் தேர்தலில் வெங்காய விலை பா.ஜ.க. ஆட்சியைக் கவுத்ததுன்னு சொல்லுவாங்க. அன்னையிலிருந்து எந்தக் கட்சிக்காரனுக்கும் வெங்காயம்னா கண்ணுல தண்ணி வந்திரும், உரிக்காமலே. 2008இல் அரிசி விலை ஏறினப்போ காங்கிரஸ் அரசு பாசுமதி அல்லாத அரிசி ஏற்றுமதியை நிறுத்திச்சு. 2023 ஜூலையில் பா.ஜ.க. அரசு அதையே செஞ்சுது, அடுத்த வருஷம் செப்டம்பர் கடைசியிலதான் திறந்து விட்டுது. 2023 டிசம்பரில் வெங்காய ஏற்றுமதிக்குத் தடை. 2024 மே மாசம் தேர்தல் நடுவுல தடையை எடுத்து, பதிலுக்கு 40 சதவீத ஏற்றுமதி வரி. நாசிக் பக்கத்து வெங்காய விவசாயிங்க அந்தத் தேர்தலில் கோபத்தைக் காட்டினாங்க. நாசிக், திண்டோரி ரெண்டு தொகுதியும் ஆளுங்கட்சிக் கூட்டணிக்கு இல்லாம போச்சு. கடைசியில வரி முழுசா நீங்கினது 2025 ஏப்ரலில். அதுக்குள்ள நம்ம வெங்காயம் வாங்கிக்கிட்டிருந்த நாட்டுக்காரனெல்லாம் வேற இடம் பாத்துட்டான். 2025இல் வெங்காயம் விழுந்து கிடந்ததுக்கு அதுவும் ஒரு காரணம்.

அமெரிக்காக்காரன் 2025 ஆகஸ்டு 27லிருந்து நம்ம சரக்குக்கு 50 சதவீத வரி போட்டதும் திருப்பூர்க்காரங்களுக்குப் பெரிய அடி. அவங்களைக் காப்பாத்தணும், அதுல எனக்கு மாத்துக் கருத்து இல்ல. ஆனா எப்படிக் காப்பாத்தினாங்கன்னா, பஞ்சு இறக்குமதிக்கு இருந்த 11 சதவீத வரியை எடுத்துட்டாங்க. முதல்ல செப்டம்பர் வரைன்னாங்க, அப்புறம் டிசம்பர் 31 வரைன்னு நீட்டிட்டாங்க. பருத்தி எடுக்கிற காலமே அக்டோபர்லதான் சூடு பிடிக்கும். டிரம்ப் அடிச்ச அடி வாஷிங்டன்ல கிளம்பி, திருப்பூரைத் தொட்டு, கடைசியில விதர்பாவுல பருத்தி பறிக்கிறவன் முதுகுல விழுந்துச்சு. ஒரு இடத்துல ஓட்டை விழுந்தா அடைக்கிறதுக்கு இந்த நாட்டுல எப்பவும் ஒரே மண்ணைத்தான் வெட்டுறாங்க.

தேங்காய்க்கு மட்டும் 2025இல் ராசி. ஜூலையில கொப்பரை கிலோ 200 ரூபாய்க்கு மேல போச்சு, தேங்காய் எண்ணெய் 400ஐத் தாண்டிச்சு. "உங்களுக்கென்ன அண்ணாச்சி, தென்னை வச்சிருக்கிய"ன்னு எத்தனை பேர் கேட்டாங்க தெரியுமா? விலை ஏன் ஏறிச்சு? காய் இல்லாததுனால ஏறிச்சு. வேர்வாடல் நோய் வந்து மரம் நிக்குது, காய் இல்ல. வெள்ளை ஈ வேற. முன்னால நூறு மரத்துல இறக்கின இடத்துல இப்போ பாதிகூட இல்ல. பாதிக் காய்க்கு ரெண்டு மடங்கு விலை கிடைச்சா அது லாபமா? ஏறுறதுக்கு ஆள் கூலியும் சேர்ந்தே ஏறிட்டு. மே 30ஆம் தேதியே கச்சா பாமாயிலுக்கும் சூரியகாந்திக்கும் சோயாவுக்கும் அடிப்படை இறக்குமதி வரியை 20லிருந்து 10 ஆக்கிட்டாங்க. தேங்காய் எண்ணெய் ருசி தெரிஞ்சவன் பாமாயிலுக்குப் போக மாட்டான், உண்மைதான். ஆனா சிப்ஸ் போடுறவனும் ஹோட்டல்காரனும் போயிடுவான். ஒருதடவை போனவன் திரும்பி வர்றது கஷ்டம்.

நெல்லைப் பத்திச் சொல்லாம நாஞ்சில் நாட்டுக்காரன் எழுதக் கூடாது. எங்க தோவாளையும் அகஸ்தீஸ்வரமும் ஒருகாலத்துல திருவிதாங்கூருக்கே சோறு போட்ட பூமி. பேச்சிப்பாறை அணையை 1906இல் கட்டி முடிச்சது இந்த வயலுக்காகத்தான். கன்னிப்பூ, கும்பப்பூன்னு வருஷத்துக்கு ரெண்டு பூ. இன்னிக்கு நாகர்கோவிலிலிருந்து எந்தப் பக்கம் பஸ்ஸில போனாலும், ஜன்னல் வழியா ஏலா எங்க முடியுது, பிளாட் எங்க தொடங்குதுன்னு பாத்துக்கிட்டே வரலாம். கல்லு நட்டிருக்கும், கலர் பெயிண்டு அடிச்சிருக்கும். 2025-26 பருவத்துல தமிழ்நாட்டில் சாதா ரகம் குவிண்டால் 2,500, சன்ன ரகம் 2,545. மாநில அரசு போட்டுக் கொடுக்கிற ஊக்கத்தொகையும் சேர்த்து. ஈரப்பதம் 17 சதவீதத்துக்கு மேல இருந்தா கொள்முதல் நிலையத்துல எடுக்க மாட்டாங்க. கன்னிப்பூ அறுக்கிற புரட்டாசியில இங்க சாயங்காலம் சாயங்காலம் மழை. மெஷின்ல அறுத்த நெல்லு 20, 22 இல்லாம இருக்குமா? காய வைக்கக் களம் இல்ல, ரோட்டுலதான் விரிக்கணும். கடைசியில வீட்டு வாசலுக்கு வந்த வியாபாரி சொன்ன விலைக்கு நான் அளந்து விட்டேன். அரசு விலைக்கும் அவர் விலைக்கும் நடுவுல இருந்தது என்னோட ஒரு வருஷ வரப்பு வெட்டுக் கூலி.

அப்புறம் எப்படித்தான் விவசாயி ஓட்டுறான்னு கேப்பீங்க. தங்கத்துலதான். சவரன் லட்சம் ஆனதுல சந்தோஷப்பட்ட ஒரே கூட்டம் நாங்கதான், அதுவும் வாங்கினவனா இல்ல, அடகு வச்சவனா. பொண்டாட்டி கழுத்துல கிடக்கிற அதே நாலு சவரனுக்கு முன்னைவிடக் கூடக் கடன் கிடைக்குது. பழைய கடனை மூடி, அதையே திருப்பி வச்சு, கூடுதலா வர்றதுல உரம் வாங்குறாங்க. எங்க ஊர் வங்கியில விவசாய நகைக்கடன் வரிசையில நின்னு பாருங்க, நாட்டோட பொருளாதாரம் தெரியும். நாளைக்குத் தங்கம் இறங்கினா என்ன ஆகும்ங்கிறதை நினைச்சா தூக்கம் வராது. டாலர் 2025 டிசம்பரில் 90 ரூபாயைத் தாண்டிட்டு. பொட்டாஷ் முழுக்க வெளிநாட்டுச் சரக்கு, வாழைக்கு அது இல்லாம குலை கனக்காது. அதோட விலை அடுத்து எங்க போகும்னு நீங்களே யோசிச்சுக்கோங்க.

பி.எம். கிசான் பணம் வருதேன்னு சிலர் சொல்லுவாங்க. வருது, மறுக்கல. 2025 நவம்பர் 19இல் கோயம்புத்தூர்ல வச்சுத்தான் பிரதமர் இருபத்தொண்ணாவது தவணையை விட்டார். வருஷத்துக்கு 6,000 ரூபாய். 2019இல் தொடங்கினப்பவும் 6,000, இப்பவும் 6,000. அந்த ஆறாயிரத்துக்கு 2019இல் எத்தனை நாள் ஆளைக் கூப்பிட முடிஞ்சுது, இப்போ எத்தனை நாள் கூப்பிட முடியும்னு கணக்குப் பார்த்தா அது தன்னால தேய்ஞ்சுக்கிட்டு வருது.

2025 டிசம்பரில் நாடாளுமன்றத்துல நூறு நாள் வேலைச் சட்டத்தை எடுத்துட்டு, 'விக்சித் பாரத் ஜி ராம் ஜி'ன்னு புதுசா ஒண்ணைக் கொண்டு வந்தாங்க. 125 நாள் வேலைன்னு சொல்றாங்க. ஆனா செலவுல 40 சதவீதத்தை மாநிலம் போடணும். விதைப்பு, அறுப்பு காலத்துல 60 நாள் வேலையை நிறுத்தி வைக்கலாம். இந்த அறுபது நாள் விஷயம் என்னை மாதிரி விவசாயிகளைச் சந்தோஷப்படுத்தத்தான். நூறு நாள் வேலையால வயலுக்கு ஆள் வரமாட்டேங்கிறாங்கன்னு டீக்கடையில நாங்க பேசாத பேச்சு இல்ல. நானும்தான் கேட்டுக்கிட்டு இருந்திருக்கேன்.

ஆனா எனக்கு இது சரியாப் படல. எங்க பக்கத்துல நடவுக்கு வர்ற கூலிக்கு நூறு நாள் வேலையில 2025இல் கிடைச்ச 336 ரூபாய் போட்டியே இல்ல. அதுக்குப் போறவங்க பெரும்பாலும் வயசான பொம்பளைங்க, என் வயல்ல சேத்துல இறங்க முடியாதவங்க. நடவுக்கு இப்போ வங்காளத்துப் பையன்கள் வர்றாங்க, அவங்களுக்கும் இந்தச் சட்டத்துக்கும் சம்பந்தம் இல்ல. இன்னொண்ணு, அந்த அம்மைகள் கையில வாராவாரம் காசு புரண்டாத்தான் ஊருக் கடையில மட்டிப்பழமும் மரச்சீனியும் விக்கும். 2025 மார்ச்சில் தமிழ்நாட்டுக்கு இந்தத் திட்டத்துல 4,034 கோடி பாக்கின்னு அப்போதைய ஆளுங்கட்சி போராட்டம் நடத்துச்சு. அந்த மாசங்கள்ல எங்க ஊருச் சந்தை எப்படிக் கிடந்ததுன்னு எனக்குத் தெரியும். வாங்குறவன் கையில காசு இல்லாம விலை இறங்குறதும், விளைச்சல் கூடி விலை இறங்குறதும் கணக்குப் புத்தகத்துல ஒரே எண்ணாத்தான் தெரியும். டெல்லிக்காரங்களுக்கு அந்த வித்தியாசம் தெரியலையா, தெரிஞ்சும் தேவைப்படலையான்னு தெரியல.

2025 ஜூலை-செப்டம்பர் வளர்ச்சி 8.2 சதவீதம்னு நவம்பர் 28இல் அறிவிச்சாங்க. அதுல விவசாயம் 3.5. விலையேற்றத்தைக் கழிக்காத கணக்கு மொத்தமா 8.7தான். அதாவது நாடு கூடுதலா விளைவிச்சது, கூடுதலா உற்பத்தி பண்ணுச்சு, ஆனா விலையில கூடுதலா எதுவும் கிடைக்கல. 2023-24 கணக்குப்படி நாட்டுல வேலை பாக்கிறவங்கள்ல நூத்துக்கு 46 பேர் விவசாயத்துல இருந்தாங்க. அத்தனை பேருக்கு வருமானம் ஏறாம, சோப்பும் சைக்கிளும் சேலையும் யார் வாங்குவாங்க? இன்னிக்கு என் வாழைக்காய் விலை இறங்கினதுல மிச்சம் பிடிச்ச பட்டணத்துக்காரர் வேலை பாக்கிற கம்பெனியோட சரக்கு, நாளைக்கு எங்க ஊருக் கடையில தேங்கும்.

தமிழ்நாட்டுல தேர்தல்னு வந்தா, ரெண்டு பக்கமும் வருவாங்க. ஒருத்தர் கடன் தள்ளுபடின்னு சொல்லுவார், ஒருத்தர் கிசான் பணத்தைக் கூட்டுவேன்னு சொல்லுவார். எனக்கு ரெண்டும் வேண்டாம்னு சொல்ற அளவுக்கு நான் பெரிய ஆள் இல்ல, கொடுத்தா வாங்கிக்குவேன். ஆனா கேக்கணும்னு நினைக்கிறது வேற. ஒவ்வொரு மாசமும் 12ஆம் தேதி நீங்க கடையில கொடுக்கிற விலையை அளந்து ஒரு எண் சொல்றாங்களே, அதே நாள், அதே மேடையில, தோட்டத்துல நான் வாங்குற விலையையும் அளந்து இன்னொரு எண் சொல்லட்டும். ரெண்டு எண்ணையும் பக்கத்துல பக்கத்துல போட்டுப் பேப்பர்க்காரங்க எழுதட்டும். ஏற்றுமதித் தடையோ வரிக் குறைப்போ, விதை போடுறதுக்கு முன்னாலேயே சொல்லிடட்டும். விளைஞ்ச பிறகு வேண்டாம். இதுக்குக் கோடிக்கணக்குல பணம் ஒண்ணும் தேவையில்ல.

கும்பப்பூ இப்போ பொதி கட்டிட்டு வருது. இந்தத் தடவை பயிர் நல்லாயிருக்கு, திருப்பதிசாரம் ஆராய்ச்சி நிலையத்து ரகம். மாசியில அறுப்பு. மெஷின்காரர் மணிக்கு இருநூறு ரூபாய் கூட்டிக் கேக்கார், டீசல் விலையைக் காட்டி. வியாபாரி இன்னும் விலை சொல்லல.